எவ்லியா செலெபி என்னும் யாத்திரிகர்

துருக்கியரைப் பற்றி நம் பாடசாலை மாணவர் அறிந்திருப்பன பெரும்பாலும் இரண்டு செய்திகளே. 1453 ஆம் ஆண்டிலே அவர்கள் கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்தைக் கைப்பற்றினார்கள் என்பது ஒன்று. முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்று அவர்களுடைய பேரரசு சிதறிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளிலே அந்நாட்டு மக்கள் என்ன உண்டார்கள், எவ்வெம்மொழிகளைப் பேசினார்கள், மலைநாடுகளிலே பனிக்காலத்தை எங்ஙனம் கழித்தார்கள் என்பனவற்றைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இக்குறையை நான் நன்கு உணர்ந்திருக்கிறேன். அதனை எனக்குத் தீர்த்து வைத்தவர் அரசரும் அல்லர், அமைச்சரும் அல்லர். மணவாழ்க்கையை நாடாது, நிலையான உத்தியோகத்தையும் விரும்பாது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரை முதுகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த ஒரு யாத்திரிகர். எவ்லியா செலெபி என்பது அவர் பெயர்.

அவர் 1611 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் திகதி இஸ்தான்புல் நகரத்தின் உன்கபானி என்னும் பகுதியிலே பிறந்தார். தந்தையார் தர்வேஷ் மெஹ்மெத் ஸில்லி சுல்தானுடைய அரண்மனைப் பொற்கொல்லர்களுக்குத் தலைவராக இருந்தவர். தாயார் கோக்கசு மலைநாட்டு அப்காசியப் பெண். அடிமையாக அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிற்காலத்திலே பிரதம மந்திரியாகிய மெலெக் அகமத் பாஷா அவ்வம்மையாருக்கு உறவினர். செலெபி என்பது குடிப்பெயர் அன்று. கல்வியும் பண்பும் வாய்ந்த ஒருவரை மரியாதையாகக் குறிக்கும் அடை. எவ்லியா குர்ஆன் முழுவதையும் மனனஞ் செய்து ஹாபிஸ் ஆனார். இசை, எழுத்தணி, இலக்கணம் ஆகியவற்றையும் பயின்றார். தந்தையின் பட்டறையிலே கிரேக்கப் பொற்கொல்லர் ஒருவரிடம் கிரேக்க மொழியைக் கற்றதாகவும் எழுதியிருக்கிறார். பட்டறையிலே பன்மொழிகளைக் கேட்டு வளர்ந்த அந்தச் செவியே அவருடைய உண்மையான முதுசொம் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய யாத்திரைகளுக்கெல்லாம் வித்தாக அமைந்தது ஒரு கனவு. 1630 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, முஹர்ரம் பத்தாம் நாளுக்குரிய இரவில் அதைக் கண்டதாக அவர் கூறுகிறார். பொற்கொம்புக் கழிமுகக் கரையிலுள்ள அகி செலெபி பள்ளிவாசலிலே நபிகள் நாயகம் அவர்களும் தோழர்களும் தொழுகைக்காகக் கூடியிருக்கிறார்கள். இளைஞர் எவ்லியா நபிகளாரின் கையை முத்தமிட்டு, மறுமையிலே தமக்காகப் பரிந்துரைக்குமாறு வேண்ட எண்ணுகிறார். அப்பரிந்துரைக்கு ஷபாஅத் என்பது சொல். நம் நாட்டு முஸ்லிம் மக்களும் நன்கறிந்த சொல்லே. பிரயாணத்துக்குச் சியாஹத் என்பது சொல். துருக்கியர் வாயில் இவ்விரண்டும் மிக நெருங்கி ஒலிப்பன. அச்சத்தினால் நாத் தடுமாறிய இளைஞர் முன்னதைக் கேட்பதற்குப் பதிலாகப் பின்னதைக் கேட்டுவிடுகிறார். நபிகளார் முறுவலித்து இரண்டையும் அருளுகிறார்கள். தோழர் ஒருவர், காண்பதையெல்லாம் எழுதி வைக்குமாறும் பணிக்கிறார்.

ஹிஜ்ரிக் கணக்கின்படி எவ்லியா பிறந்ததும் ஒரு முஹர்ரம் பத்தாம் நாளிலேயே. கனவு கண்டபோது அவருக்குச் சரியாக இருபது வயது. இத்துணைப் பொருத்தமாகக் கனவுகள் வருமா என்று ஐயுறுவோர் ஐயுறலாம். நூலை எழுதி முடிக்கும் வயதிலே, தம் வாழ்க்கைக்கு ஏற்றதொரு பாயிரமாக அவர் இதைச் செப்பஞ் செய்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், ஒரு சொல் பிறழ்ந்ததனால் ஒருவருடைய வாழ்க்கையே அமைந்தது என்று சொல்ல, மொழியின்மேல் தீராத காதல் உடையவராலன்றி முடியாது.

1636 ஆம் ஆண்டு லைலத்துல் கத்ர் இரவிலே அயா சோபியா பள்ளிவாசலில் அவர் குர்ஆன் ஓதியதைக் கேட்ட சுல்தான் நான்காம் முராத், அவரை அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். இனிய குரலும் நகைச்சுவையும் உடையவரை அரசர்கள் அருகே வைத்திருக்க விரும்புவது இயல்பு. ஆயினும் அரண்மனைச் சுவர்கள் அவரை நெடுங்காலம் அடக்கி வைக்கவில்லை. முதலிலே தம் பிறந்த நகரத்தையே தெருத்தெருவாகச் சுற்றினார். பிற்காலத்தில் அவர் எழுதிய பத்துத் தொகுதிகளில் முதலாவது முழுவதும் இஸ்தான்புல்லைப் பற்றியதே. 1638 இலே பாக்தாத் படையெடுப்புக்கு முன்னர் சுல்தான் முன்னிலையில் நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் அணிவகுத்துச் சென்ற காட்சியை அவர் வருணிக்குமிடத்திலே, கசாப்புக்காரர், ரொட்டி சுடுவோர் தொடக்கம் கள்வர், பிச்சைக்காரர் ஈறாக யாரும் விடுபடவில்லை.

வெளியூர்ப் பயணம் 1640 இலே தொடங்கிற்று. தந்தையாரிடம் சொல்லிக்கொள்ளாமலே நண்பர்கள் சிலருடன் புர்சா நகருக்குப் புறப்பட்டுவிட்டார். உதுமானியர் 1326 இலே கைப்பற்றித் தலைநகராக்கிய பழம்பதி அது. அங்கே உதுமானிய அரச மரபின் முன்னோருடைய கல்லறைகள் உண்டு. இருபது குவிமாடங்களும் நடுவே நீர்த்தடாகமும் உடைய பெரிய பள்ளிவாசல் உண்டு. பட்டு வாணிகம் நடக்கும் மண்டபங்களும் வெந்நீரூற்றுக் குளிப்பிடங்களும் உண்டு. ஊருக்கு மேலே 2,543 மீற்றர் உயரமான உலுதாக் மலை எழுந்து நிற்கிறது. அக்காலத்திலே அதற்குத் துறவிமலை என்னும் பொருளுடைய பெயர் வழங்கிற்று. அம்மலையின் பனிக்கட்டி கோடையில் தலைநகரத்து அரண்மனைக்குச் சுமந்து செல்லப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் அருவிகளையும் வீட்டுக்கு வீடு ஓடும் வாய்க்கால்களையும் கண்டு மயங்கிய எவ்லியா, இந்நகர் முழுவதும் நீரே என்னும் கருத்துப்பட எழுதினார். வீடு திரும்பியபோது தந்தையார் சினக்கவில்லை. உபதேசஞ் செய்து, இனி எங்குச் சென்றாலும் செல். ஆனால் குறிப்பெழுதத் தவறாதே என்று விடைகொடுத்தனுப்பினார்.

அவரைக் கந்தையணிந்த தனித் துறவியாகக் கற்பனை செய்தல் பொருந்தாது. பாஷாக்களின் பரிவாரத்திலே பணியாளர்களோடும் நல்ல குதிரைகளோடும் சென்றவர் அவர். தொழுகைக்கு அழைப்பவராகவும், கடிதம் கொண்டுசெல்பவராகவும், சுங்க எழுத்தராகவும், வரவேண்டிய பணத்தைத் தண்டுபவராகவும் வேலை செய்தார். அந்த வேலைகளே அவருக்கு வழிச்செலவும் பாதுகாப்பும் தந்தன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதிகாரத்தின் நிழலிலே நடந்தவர் அவர் என்பதை மறந்து அவர் நூலைப் படிக்கலாகாது என்பதற்காகவே சொல்கிறேன்.

கருங்கடற் கரையிலுள்ள திரபிசொந்து நகரத்துக்குச் சென்றார். ஹம்சி என்னும் சிறு மீனின்மேல் அவ்வூரவர் கொண்ட பித்தைச் சுவைபட எழுதினார். மீன் வந்திறங்கியதும் துறைமுகத்திலே கொம்பு ஊதுவார்களாம். அவ்வொலி கேட்டால் தொழுகையில் நிற்பவரும் ஓடி விடுவார்களாம். மீனைச் சமைக்கும் முறையையும் எழுத அவர் மறக்கவில்லை. அங்கிருந்து கரையோரமாகத் தாயாரின் மக்களாகிய அப்காசியர் நாட்டுக்கும் சேர்க்காசியர் நாட்டுக்கும் சென்றார். பின்னர்க் கிரிமியாவிலிருந்து திரும்பும் வழியிலே கருங்கடற் புயலிற் கப்பல் உடைந்தது. பலகையொன்றைப் பற்றியவாறு பல்கேரியக் கரையிலே ஒதுங்கினார். அங்கிருந்த தர்வீஷ் மடத்தார் அவரைப் பல மாதங்கள் வைத்துப் பேணினர். இனி அக்கடலில் கப்பலேறுவதில்லை என்று அன்றே உறுதி பூண்டார்.

1646 இலே எர்சுரும் நகரத்துச் சுங்கத்தில் எழுத்தராகச் சென்றார். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 மீற்றர் மேலே, மலைகள் சூழ்ந்த பீடபூமியில் உள்ள அந்நகரின் குளிர் துருக்கி எங்கும் பேர்போனது. அங்கே ஒரு பூனை ஒரு கூரையிலிருந்து மற்றொரு கூரைக்குத் தாவியதாம். தாவும்போதே நடுவானில் உறைந்துபோயிற்றாம். எட்டு மாதங்களின் பின் வெயில் வந்ததும் உறைபனி இளகி, மியாவ் என்று கத்திக்கொண்டு கீழே விழுந்ததாம். நகைப்பதற்கென்றே எழுதப்பட்ட கதை இது.

இக்கதையை ஒரு முறை வகுப்பிலே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. பூனை விடயத்திலே பொய் சொல்பவர் மற்றவற்றிலே உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஐரோப்பிய அறிஞரும் துருக்கிய அறிஞரும் நெடுங்காலம் விவாதித்த கேள்வியும் அதுவே. எவ்லியா தரும் வீட்டுத்தொகைகளும் படைத்தொகைகளும் பல இடங்களில் மிகையானவை. கலாத்தா கோபுரத்திலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு பொஸ்பரஸ் நீரிணையைப் பறந்து கடந்ததாக அவர் கூறும் ஹெசார்பென் அகமத் செலெபியின் கதைக்கு அவர் நூலைத் தவிர வேறு சமகாலச் சான்று இல்லை. போகாத சில நாடுகளுக்குப் போனதாகவும் எழுதியிருக்கிறார்.

அம்மாணவனுக்கு நான் அன்று கூறிய விடை, மூலக் கையெழுத்துப் பிரதியைப் பற்றியது. அப்பிரதியின் பக்கங்களிலே ஆங்காங்கு வெற்றிடங்கள் உள்ளன. ஒரு பள்ளிவாசலைப் பற்றி எழுதும்போது அதைக் கட்டியவர் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே எழுதுகிறார். ஆண்டு தெரியாவிட்டால் ஆண்டுக்குரிய இடம் வெறுமையாக நிற்கிறது. பின்னர் விசாரித்து நிரப்பலாம் என்பது எண்ணம். உறைந்த பூனையைப் படைக்க வல்லவருக்கு ஒரு கட்டிடக்காரரின் பெயரைப் படைப்பது எம்மாத்திரம்? அதை அவர் செய்யவில்லை. கேட்போரை மகிழ்விக்கக் கதை புனைதல் வேறு, அறியாததை அறிந்ததாக ஏட்டிலே பதித்தல் வேறு என்ற பாகுபாடு அவர் உள்ளத்திலே இருந்திருக்கிறது. ஊர்தோறும் கோட்டை, பள்ளிவாசல், கலாசாலை, குளிப்பகம், கடைத்தெரு, நீர், காற்று, உணவு, மக்கள் பெயர்கள், பெரியோர் கல்லறைகள் என ஒரே ஒழுங்கில் விசாரித்து எழுதிய மனிதர் அவர். கல்வெட்டுகளைப் படியெடுத்தார். கட்டிடங்களைத் தம் காலடியால் அளந்தார்.

அவருடைய உண்மை கடுஞ் சோதனைக்குள்ளான இடம் பித்லிஸ். வான் ஏரி 1,640 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே, கடல்போல் விரிந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. வடகரையிலே பனிமுடி சூடிய சுப்ஹான் மலையும், மேற்கிலே நெம்ருத் எரிமலையும் உள்ளன. அவ்வெரிமலைக்குத் தென்மேற்கே ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே, கருங்கல் வீடுகளும் பாறைமேற் கோட்டையும் உடையதாகப் பித்லிஸ் நகரம் அமைந்திருக்கிறது. அங்கே குர்திய மரபினரான அப்தால் கான் அரசு புரிந்தார். 1597 இலே குர்திய மக்களின் வரலாற்றைப் பாரசீக மொழியில் எழுதி முடித்த ஷரப் கானின் வழித்தோன்றல் அவர். மருத்துவம், இசை, ஓவியம், கடிகாரம் செய்தல் ஆகிய பல கலைகளிலும் வல்லவராக எவ்லியா அவரைப் புகழ்கிறார். அரபு, பாரசீக, துருக்கிய நூல்களோடு, படங்கள் அச்சிட்ட ஐரோப்பிய நூல்களும் அவருடைய நூலகத்தில் இருந்தன.

1655 இலே மெலெக் அகமத் பாஷா வான் மாகாண ஆளுநராக நியமனம் பெற்றுச் சென்றபோது எவ்லியாவும் உடன் சென்றார். வழியிலே அப்தால் கான் அவர்களை விருந்தும் வேடிக்கையுமாக உபசரித்தார். சில வாரங்கள் கழிந்தன. அதே பாஷா, கான்மேல் பல குற்றங்களைச் சாட்டிப் பித்லிஸ்மேற் படையெடுத்தார். கான் மலைகளுக்குள் ஓடினார். அவருடைய செல்வங்கள் கைப்பற்றப்பட்டு ஏலத்துக்கு வந்தன. நூல்களும் வந்தன. அந்நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எழுதியவர், முன்பு அந்த வீட்டிலே விருந்துண்ட எவ்லியாவே.

அப்பட்டியலை அவர் தம் நூலிலே சேர்த்திருக்கிறார். ஏலத்திலே நிகழ்ந்த ஒன்றையும் எழுதியிருக்கிறார். சித்திரங்கள் நிறைந்த ஷாநாமாப் பிரதியொன்றை ஒருவன் கேள்வி கூறித் தன் கூடாரத்துக்கு எடுத்துச் சென்றான். உருவம் வரைதல் பாவம் என்று போதித்த கடுமையான கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். கத்தியினால் ஓவியங்களின் கண்களைத் தோண்டினான். முகங்களை எச்சில் தொட்டு அழித்தான். பின்பு நூலைத் திருப்பி அனுப்பி, தனக்கு வேண்டாம் என்றான். செய்தி பாஷாவுக்கு எட்டியதும் அவனுக்குச் சவுக்கடி கிடைத்தது. எவ்லியா இதை எழுதும் நடையிலே மனம் பதைக்கிறது. நூலைச் சிதைத்தவன்மேல் அவருக்கிருக்கும் சினம் வெளிப்படை. ஆனால் நூலகத்தையே சிதறடித்தவர் தம் உறவினரும் புரவலருமான பாஷா. அவரைக் குறித்து ஒரு கடுஞ்சொல்லும் இல்லை.

இதைக் கோழைமை என்று சொல்லிவிடலாம், சொன்னவர்களும் உளர். நான் அவ்வாறு சொல்லத் துணியேன். குற்றஞ் சாட்டும் சொல் எதுவும் எழுதாமலே, விருந்து எப்படி இருந்தது, நூலகம் எப்படி இருந்தது, ஏலம் எப்படி நடந்தது என்று மூன்றையும் விரிவாக அடுத்தடுத்து எழுதிவைத்தார். பாஷாவின் பெருமை பேசும் நூலாக மட்டும் இது அமைந்திருக்குமானால் அந்த நூலகத்திலே என்னென்ன இருந்தன என்பதை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம். அந்நூலகத்தின் விரிவான பதிவு அவருடைய பட்டியலே.

அவருக்கும் தண்டனை போன்ற ஒன்று நேர்ந்தது. மறுமுறை பணந் தண்டுவதற்காகப் பித்லிஸுக்கு அனுப்பப்பட்டபோது, வான் ஆளுநர் பதவியிலிருந்து பாஷா நீக்கப்பட்டார் என்னும் செய்தி வந்தது. அப்தால் கான் திரும்பி வந்து அரியணை ஏறினார். ஏலப் பட்டியல் எழுதியவர் இப்பொழுது கானுடைய கையிலே. கான் அவரை இனிய முகத்தோடு நடத்தினார், வெளியேற விடவில்லை. பனிக்கால இரவொன்றிலே குதிரையேறி, உறைபனி மூடிய மலைவழியாக எவ்லியா தப்பி ஓடினார்.

1662 இலே மெலெக் அகமத் பாஷா இறந்தார். அதன் பின்னர் எவ்லியாவின் யாத்திரைகள் இன்னும் விரிந்தன. 1665 இலே தூதுக்குழுவோடு வியன்னா சென்றார். அங்குள்ள பேராலயத்து நூலகத்திலே நூல்கள் தூசு துடைத்துப் பேணப்படுவதைக் கண்டபோது, எகிப்திலே அலெக்சாந்திரியா நகரத்துப் பள்ளிவாசலொன்றில் நூல்கள் மழையில் நனைந்து புழு அரிப்பதை ஒப்பிட்டு வருந்தி எழுதினார். தம் மக்களுக்கு உறைக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். பித்லிஸ் ஏலத்தைக் கண்டவருடைய வருத்தம் அது என்றே எனக்குப் படுகிறது. கிரீற் தீவுப் போரையும் கண்டார். பால்கன் மலைநாடுகளையும் சுற்றினார்.

1671 இலே ஹஜ் யாத்திரைக்காக இஸ்தான்புல்லை விட்டுப் புறப்பட்டவர் பின்னர்த் திரும்பவில்லை. மக்காவிலிருந்து எகிப்து சென்று, நைல் நதி வழியே சூடான் நாடுவரை ஏறி, இறுதியிலே கெய்ரோவிலே தங்கிக் குறிப்புகளையெல்லாம் பத்துத் தொகுதிகளாக எழுதினார். 1680 களிலே காலமானார். அவருடைய கல்லறை எவராலும் அடையாளங் காணப்படவில்லை. நூல் அரை நூற்றாண்டுக்கு மேல் கெய்ரோவிலே படிப்பாரின்றிக் கிடந்தது. 1742 இலே அது இஸ்தான்புல் அரண்மனை அதிகாரி பெஷிர் ஆகாவிடம் சேர்ந்து, அங்கே பிரதி செய்யப்பட்டது. ஆஸ்திரிய அறிஞர் ஹாமர் முதலிரு தொகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1834 முதல் வெளியிட்டார். துருக்கியிலே அச்சு வேலை 1896 இலே தொடங்கிற்று. சுல்தான் அப்துல் ஹமீதின் தணிக்கையாளர் பல பகுதிகளை வெட்டினர். பத்தாந் தொகுதி 1938 இலேதான் வெளிவந்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2013 இலே இந்நூலின் கையெழுத்துப் பிரதிகளை உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது.

மொழிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எவ்லியா செல்லுமிடமெங்கும் அந்நாட்டு மொழியிலே சில சொற்களைக் கேட்டு எழுதினார். முதலிலே எண்ணுப் பெயர்கள், பின்னர் ரொட்டி, தண்ணீர், வா, போ என்பன. அவற்றின் பின் தவறாமல் வசைச் சொற்களும் வரும். வழிப்போக்கன் எதை முதலிலே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது! இங்ஙனம் ஏறக்குறைய முப்பது மொழிகளின் மாதிரிகள் அவர் நூலிலே உள்ளன. 1640 அளவிலே கருங்கடலின் கோக்கசுக் கரையிலே அவர் எழுதிக்கொண்ட சொற்பட்டியல்களில் ஒன்று உபிக் மொழிக்குரியது என்று பிற்கால ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். நம் நெடுங்கணக்கிலே மெய்கள் பதினெட்டு. உபிக் மொழியிலே மெய்யொலிகள் எண்பதுக்கு மேல். சொந்த எழுத்தில்லாத அம்மொழியை அரபு எழுத்திலே பிடிக்க முயன்றவர், தம் செவிக்கு எட்டியதை எட்டிய மட்டில் எழுதினார். 1864 இலே ரஷ்யர் கோக்கசை வென்றபோது உபிக் மக்கள் தங்கள் மலைகளை விட்டு உதுமானிய நாட்டில் வந்து குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் துருக்கிய மொழிக்கும் சேர்க்காசிய மொழிக்கும் மாறினர். அம்மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய இறுதி மனிதர் தெவ்பிக் எசென்ச் 1992 ஒக்டோபர் மாதத்திலே துருக்கியிலே காலமானார். அம்மொழி முதன்முதல் ஏட்டிலேறிய இடம் எவ்லியாவின் இரண்டாந் தொகுதி. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களோடு அப்பட்டியல் தொடங்குகிறது.